கண்ணுக்கு வந்த சோறு

திருவனந்தபுரம் தம்பானூரில் இரயிலைவிட்டு இறங்கி வீதிக்கு வரும் வழிப்போக்கரை இன்று முதலில் எதிர்கொள்பவை உணவு விடுதிகளின் படங்களே. புட்டும் கடலையும், மரச்சீனியும் மீன்கறியும், மசால் தோசையும் பிரியாணியும் பெரிய பெரிய பலகைகளில் ஒளிர்கின்றன. விடுதியின் பெயர் அவற்றினிடையே ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கிறது. உணவைப் படமெடுத்துக் கொடுப்பது இந்நகரில் இளைஞர் சிலருக்குப் பிழைப்புத் தரும் தொழிலாகிவிட்டது. ஆயினும், நூறு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே நகரில், சமைத்த சோற்றைப் பிறர் கண்ணில் படாமல் காப்பதே ஒழுக்கம் எனக் கருதப்பட்டது. மூடி வைத்த சோறு வீதிக்கு வந்தது எவ்வாறு, அதனைப் படமெடுக்கும் தொழிலில் இன்று புகுவோருக்கு அவ்வரலாறு விட்டுச் சென்றது என்ன என்பதை நேயர்களுடன் சேர்ந்து சிறிது ஆராய்வோம்.

பார்வை உணவைக் கெடுக்கும் என்ற எண்ணம் நம் நாட்டில் மிகப் பழையது. அதற்கு இரு முகங்கள் உண்டு. ஒன்று கண்ணேறு, குழந்தைக்குச் சோறூட்டும் தாய் கதவைச் சார்த்திக்கொள்வது இதனால்தான். இதில் பெரிய தீங்கு ஒன்றுமில்லை. மற்றொன்று தீட்டு. தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டவரின் பார்வை பட்டாலே உண்ணும் உணவு மாசுபடும் என்று உயர்குடியினர் நம்பினர். மனிதர்க்கு மனிதர் இத்தனை அடி விலகி நிற்கவேண்டும் என்று அளந்து வைத்திருந்த திருவிதாங்கூரில் இந்நம்பிக்கை எத்துணை வலிமை பெற்றிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்நாளில் திருவனந்தபுரத்தில் பெரும் பந்திகள் இல்லாமல் இல்லை. பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஐம்பத்தாறு நாள் நடைபெறும் முறைஜபத்துக்கு வேதியர் திரள்திரளாக வந்து உண்டனர். அரசின் செலவில் நடந்த ஊட்டுப்புரைகளில் அந்தணருக்கு விலையில்லாமல் உணவு கிடைத்தது. நெல்லைச் சீமையிலிருந்து மலை கடந்து பிழைக்க வந்த தமிழ்ப் பிராமணர் பலருக்கு முதல் வேளைச் சோறு அங்கேயே வாய்த்தது. நெல்லோ நாஞ்சில் நாட்டு வயல்களில் விளைந்தது. அதை உழுது விளைவித்தவர் அப்பந்தியை எட்டிப் பார்க்கவும் இயலாது. இத்தகைய பந்திக்கு விளம்பரம் எதற்கு? உண்ண உரிமை உடையவர்க்கு வழி தெரியும். உரிமை இல்லாதவர்க்குக் காட்டலாகாது.

இம்மறைப்பைக் கிழித்தவர்களில் தமிழர் இருவரை ஈண்டு நினைவுகூர வேண்டும். தென்திருவிதாங்கூரில் அய்யா வைகுண்டர் (1809–1851) எல்லாக் குலத்தாரையும் ஒருங்கே அமர்த்திச் சமபந்தி நடத்தினார். திருவனந்தபுரத்திலேயே, தைக்காட்டு ரெசிடென்சியில் மேற்பார்வையாளராகப் பணிபுரிந்த தைக்காடு அய்யா சுவாமிகள், அய்யன்காளி போன்றோரையும் பிறரையும் ஒரே வரிசையில் இருத்தி உண்ணச் செய்தார். ஊர் அவரை ஏசியது, அவர் பொருட்படுத்தவில்லை. 1909இல் அவர் மறைந்த பின்னர், 1917இல் கொச்சி நாட்டுச் செறாயியில் சகோதரன் அய்யப்பன் நடத்திய மிசிரபோஜனம் கேரளம் முழுவதையும் அதிரவைத்தது. 1936 நவம்பர் 12இல் திருவிதாங்கூரின் கோயில்கள் இந்துக்கள் யாவர்க்கும் திறக்கப்பட்டன. சோற்றைப் பலர் அறியக் காட்டலாம் என்ற நிலை இத்தனை பாடுகளுக்குப் பின்னரே வந்தது. உணவுப் படத்தின் வரலாற்றைக் காமிராவிலிருந்து தொடங்குவோர் பலர். இந்நகரைப் பொறுத்தவரை அதைப் பந்தியிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது என் கருத்து.

இனிக் காமிராவுக்கு வருவோம். 1839இல் பாரிஸில் டாகேரின் முறை உலகறிய வெளியிடப்பட்டது. 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கம் ஒன்று தோன்றிற்று. 1858இல் லின்னேயஸ் டிரைப் மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளிக் கோயில்களைப் படமெடுத்தார். மேனாட்டில் உணவுப் பொருளும் தொடக்கத்திலேயே காமிராவின் முன் வந்துவிட்டது. ஆங்கிலேயரான ஃபாக்ஸ் டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட நூலில் பழக்கூடைகளின் படம் ஒன்று உண்டு. 1860இல் ரோஜர் ஃபென்டன் திராட்சையையும் அன்னாசியையும் அழகாக அடுக்கிப் படமெடுத்தார். காரணம் எளிது. அக்காலத்தில் ஒரு படம் பதிய நெடுநேரம் ஆகும். பழமோ அசையாது, முகம் சுளிக்காது, கூலி கேட்காது.

திருவிதாங்கூரில் அரசின் புகைப்படக்காரராக விளங்கியவர் சக்கரியா டி குரூஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரண்மனைகளையும், கோயில்களையும், ஆறுகளையும், மலைகளையும், பல குலத்து மக்களையும் அவர் படமெடுத்தார். 1900ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய படத்தொகுப்பு ஒன்று கர்சன் பிரபுவின் சேகரிப்பின் பகுதியாக இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தொழில்முறைப் புகைப்படம் என்பது இந்நகரில் முதலில் அரசுப் பணியாகவே வேர்கொண்டது. படமெடுக்கச் சொன்னவர் அரசர், பார்ப்பவர் வைசிராய். கடைக்காரருக்கு அதில் இடமில்லை.

கடைக்காரரிடம் படத்தைக் கொண்டு சேர்த்தவர் ஓர் ஓவியர். பதினான்கு வயதில், 1862இல், கிளிமானூரிலிருந்து திருவனந்தபுரம் வந்த ரவிவர்மா, 1894இல் பம்பாயில் வண்ண அச்சகம் ஒன்றை நிறுவினார். படங்களை அச்சிட்டு எளியோரும் வாங்கும்படி செய்யலாம் என்று அவருக்கு முன்னரே அறிவுறுத்தியவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரில் திவானாக இருந்த சர் டி. மாதவராவ். அவ்வச்சகத்தின் இலக்குமியும் சரசுவதியும் நாடெங்கும் கடைகளில் குடியேறினர். நம் காபி, சாப்பாட்டுக் கடைகளில் கல்லாப்பெட்டிக்கு மேலே நெடுங்காலம் தொங்கியது செல்வத்தின் படமே; தோசையின் படம் அன்று.

தோசைக்கு அப்பேறு கிட்டாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அது நிறம். கறுப்பு வெள்ளைப் படத்தில் சாம்பாரும் பருப்புப் பாயசமும் ஒன்றுபோலவே தோன்றும். மீன்கறியின் சிவப்பும், இஞ்சிக் கறியின் செம்பழுப்பும், எரிசேரியின் மஞ்சளும் சாம்பல் நிறத்தில் கலந்துபோன பின்னர் நாவில் நீர் ஊறுவது எங்ஙனம்? அமெரிக்காவில் 1930களில் நிக்கோலஸ் முரே என்பவர் மகளிர் இதழ்களுக்கு வண்ணத்தில் உணவுப் படம் எடுத்துப் புகழ்பெற்றார். மூன்று நிறத்துக்கு மூன்று தகடாக எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் அம்முறைக்கு உழைப்பும் செலவும் மிகுதி. 1935இல் கோடக் நிறுவனம் கோடக்ரோம் சுருளை வெளியிட்ட பிறகும், நம்மூர் ஸ்டூடியோக்களில் வண்ணம் எளிதில் வந்துவிடவில்லை. வந்த பிறகும் அது திருமண வீட்டுக்கே முதலில் சென்றது.

இதற்கிடையில் உணவு விடுதிகள் பெருகின. 1931இல் இரயில் தம்பானூர் வரை வந்தது. நிலையத்தைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடைகள் எழுந்தன. சாலைக் கடைத்தெருவோ அதற்கும் மிக முந்தியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் அமைத்தது. அங்கே தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்துவருகின்றனர். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது, திருவனந்தபுரத்துத் தமிழர் வீடு மாறாமலே வெளிமாநிலத்தார் ஆயினர். காய்கறி மட்டும் எல்லையைப் பாராட்டாமல் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.

காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர், ஏ.கே. கோபாலனின் துணையோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். 1958இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் இந்தியன் காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. திருவனந்தபுரத்தில் தம்பானூர்ப் பேருந்து நிலையத்தருகே லாரி பேக்கர் கட்டிய காபி ஹவுஸ் இன்று உலகப் புகழ் பெற்றது. திருகு சங்குபோல் சுற்றி ஏறும் சரிவுப் பாதை, அதையொட்டி மேசைகள், செங்கல் சுவரில் சிறுசிறு துளைகள் வழியே வரும் பகல் வெளிச்சம். படமெடுப்போர் அக்கட்டடத்தைப் படமெடுத்துத் தீர்ந்தபாடில்லை. அங்கு கிடைக்கும் கட்லெட்டைப் படமெடுத்தவர் குறைவாகவே இருப்பர்! அக்கடைக்கு அது தேவையும் இல்லை. கட்லெட் எப்படி இருக்கும் என்பது வாடிக்கையாளருக்கு மனப்பாடம்.

இப்படி மனப்பாடமான கடைகளில் தமிழர் நன்கறிந்தது ஒன்று உண்டு. ஜெயமோகனின் ‘அறம்’ தொகுதியில் ‘சோற்றுக்கணக்கு’ என்ற கதையைப் படித்தவர்கள் சாலைப் பகுதியின் கெத்தேல் சாகிபை மறக்கமாட்டார்கள். உண்டவரிடம் கணக்குக் கேட்காமல், பெட்டியில் விரும்பியதைப் போடச் சொன்ன கடை அது. கணக்கே கேட்காதவர் விளம்பரம் தேடுவாரா? வாசனையும், நேரில் கண்ட அடுப்பும், பக்கத்தில் உண்பவரின் முகமும் அன்று உணவுக்குச் சாட்சியாயின. படம் தேவைப்பட்டது இச்சாட்சிகள் மறைந்தபோதுதான்.

அவை மறைந்தது அண்மையில். 2008இல் தில்லியில் சில அலுவலகத்தார் உணவு விடுதிகளின் விலைப்பட்டியல்களைத் திரட்டிக் கணிப்பொறியில் ஏற்றத் தொடங்கினர். அதுவே பின்னர் ஸொமாட்டோ ஆயிற்று. 2014இல் பெங்களூரில் ஸ்விக்கி தோன்றிற்று. 2020 மார்ச்சில் நாடு முழுதும் ஊரடங்கு வந்தது. உட்கார்ந்து உண்ணுதல் நின்றது, பொட்டலமே கதி. அடுப்பைக் காணாத, வாசனையை நுகராத, கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்றும் அறியாத ஒருவர், கைப்பேசியில் கட்டைவிரல் அளவுள்ள படத்தைப் பார்த்தே பசியாற வேண்டிய காலம் பிறந்தது. அதுகாறும் படமே வேண்டாதிருந்த சிறுகடைக்காரரும் படக்காரரைத் தேடினார்.

இத்தொழிலில் புதிதாகப் புக விரும்பும் இளைஞர் நம் குடும்பங்களிலும் இருப்பர். அவர்களுக்காகச் செய்முறையைச் சிறிது விரித்துச் சொல்வது தகும். பெரும்பாலோர் திருமணப் படப்பிடிப்பிலிருந்தே இதற்கு வருகின்றனர். அங்கே பழகிய பளிச்சென்ற மின்னல் விளக்கு இங்கே உதவாது. உணவுக்கு ஒளி முன்னிருந்து வந்தால் அது தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்தோ சற்றுப் பின்னிருந்தோ வந்தால்தான் குழம்பின் எண்ணெய் மினுங்கும், ஆவி தெரியும். ஆகவே கடைக்குள் நுழைந்ததும் நாடவேண்டியது சன்னல். அதனருகே ஒரு மேசை, எதிர்ப்புறம் நிழலைத் தணிக்க ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகை. பாதி வேலை முடிந்தது. குழல்விளக்கை அணைத்துவிட வேண்டும். பகலொளியும் குழல்விளக்கும் கலந்தால் வெண்சோறு பச்சை நோய் கண்டதுபோல் தோன்றும்.

நேரமும் அறிந்து செல்லவேண்டும். மதியச் சாப்பாடு ஓய்ந்து மாலைப் பலகாரம் தொடங்குமுன் உள்ள மூன்று மணி, மூன்றரை மணியே சமையலறை இளைப்பாறும் வேளை. உச்சி நேரத்தில் காமிராவோடு செல்பவருக்கு முதலாளி நாற்காலி கொடுத்தாலும் சமையற்காரர் கரண்டியைத்தான் காட்டுவார். இத்தொழிலில் உண்மையான கூட்டாளி அவரே. படத்துக்காக அவர் எடுத்து வைப்பதைக் காத்திருக்கச் செய்யலாகாது. ஆப்பத்தின் விளிம்பு சில நிமிடங்களில் துவளும், புட்டின் ஆவி அதற்குள் மறையும், பாயசத்தில் ஆடை படியும், பப்படம் நமத்துப்போகும். எவர்சில்வர் தட்டோ படக்காரரின் முகத்தையே திருப்பிக் காட்டும். மரச்சீனியும் மீன்கறியும் ஒரே படத்தில் வந்தால் வெள்ளைக்கு ஏற்ற ஒளி சிவப்புக்குப் போதாது. சிவப்புக்கு ஏற்றது வெள்ளையை வெளுக்கச் செய்யும். விசாகம் திருநாள் மகாராஜா (ஆட்சி 1880–1885) மரச்சீனிப் பயிரை ஊக்குவித்தபோது இப்படி ஓர் இடர் வரும் என்று எண்ணியிருக்க மாட்டார்.

கையில் காட்டப் படமில்லாமல் எந்தக் கடைக்காரரும் வேலை தரமாட்டார். வேலை இல்லாமல் படம் ஏது? இச்சிக்கலைத் தீர்க்கச் சிலர் இலவசமாக எடுத்துக்கொடுக்க முற்படுகின்றனர். எனக்கு அது உவப்பில்லை. காசு கொடுத்து ஒரு தோசை வாங்கி, சன்னலோரம் அமர்ந்து, முதலாளியின் இசைவுடன் எடுத்து, பிறகு உண்டு எழலாம். பத்துக் கடையில் பத்து நாள் செய்தால் காட்டுவதற்குப் படம் சேர்ந்துவிடும். இலவசமாகக் கொடுத்த பொருளுக்கு அடுத்த மாதம் விலை சொல்வது கடினம். அன்றியும், உரிமை பற்றி எழுத்தில் ஒரு வரி இருத்தல் நன்று. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிடில், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே அப்புகைப்படத்தின் முதல் உரிமையாளர். சட்ட வாசகங்களை மொழிபெயர்த்தே காலம் கழிக்கும் என் போன்றோர்க்கு இது பழகிய செய்தி. காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவோர் இதைப் பிந்தியே அறிகின்றனர்.

இனி, இத்தொழிலின் உயிரான கேள்விக்கு வருவோம். படத்தில் காட்டியதுதான் தட்டில் வருமா? அமெரிக்காவில் 1960களின் இறுதியில் காம்ப்பெல் என்ற சூப்பு நிறுவனத்தின் விளம்பரத்தில், கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளை இட்டுப் படமெடுத்தனர். காய்த்துண்டுகள் மூழ்காமல் மேலே நின்றன. சூப்பு காயால் நிறைந்ததுபோல் தோன்றிற்று. அந்நாட்டு வர்த்தக ஆணையம் இதனை ஏமாற்று எனக் கொண்டது. 1970இல் நிறுவனம் அம்முறையைக் கைவிட இசைந்தது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது.

2024 ஆகஸ்டில் வேறு வகைக் கோலிக்குண்டு வெளிப்பட்டது. சமைக்காத உணவுக்குக் கணிப்பொறியே செயற்கையாகப் படம் வரைந்து தர, விடுதிகள் சில அதனையே விலைப்பட்டியலில் இட்டுவந்தன. வாங்கியவர்கள் முறையிட்டனர். அத்தகைய படங்களை நீக்குவதாகவும், மெய்யான உணவைப் படமெடுக்க விரும்பும் விடுதிகளுக்கு ஆதாயமின்றி ஏற்பாடு செய்வதாகவும் ஸொமாட்டோ அறிவித்தது. இயந்திரப் படம் வந்தபின் உணவுப் படக்காரரின் பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சுவோர் உளர். அச்சத்தில் பொருள் இல்லாமலும் இல்லை. இயந்திரம் சம்பளம் கேட்பதில்லை. ஆனால் இந்தக் கடையில், இந்தச் சமையற்காரர், இன்று வார்த்த ஆப்பத்தை அது கண்டதில்லை. கண்டவருக்கே சாட்சி சொல்ல இயலும்.

சாட்சி சொல்வதும் அத்துணை எளிதன்று. அதற்குத் திருவனந்தபுரத்துச் சத்தியையே எடுத்துக்கொள்ளலாம். இலையின் நுனி உண்பவரின் இடப்புறம். அங்கே உப்பு, உப்பேரி, சர்க்கரை வரட்டி, இஞ்சிக் கறி, ஊறுகாய். பிறகு அவியல், தோரன், ஓலன், எரிசேரி, பச்சடி. சோறு வந்ததும் முதலில் பருப்பும் நெய்யும், பின்னர் சாம்பார், அதன் பின் பாயசம், புளிசேரி, மோர். விலைப்பட்டியலுக்கான படத்திலோ இவையனைத்தும் ஒரே நேரத்தில், தொடப்படாமல், அவரவர் இடத்தில் இருக்கவேண்டும். உண்பவர் எவரும் அப்படி ஓர் இலையை ஒருநாளும் கண்டதில்லை. பாயசம் வரும்போது பருப்பு வயிற்றுக்குள் போயிருக்கும். படத்தில் பொய்யான பொருள் ஒன்றும் இல்லை. ஆயினும் காலம் பொய். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பட்டியல் என்பது பட்டியலே. பரிமாறும் அளவைவிட மிகுதியாக அவியலை அள்ளிவைத்து எடுப்பதும், இலையில் வராத இரண்டாம் பாயசத்தைக் காட்டுவதும்தான் குற்றம். பரிமாறுபவர் கையாலேயே பரிமாறச் சொல்லி, அவர் வைத்த அளவை மாற்றாமல் எடுப்பதே நேர்மையான வழி. ஈரத்துணியால் இலையைத் துடைத்து வாட்டம் நீக்கிக்கொள்வதில் தவறில்லை. அதைத்தான் வீட்டிலும் செய்கிறோம்.

இந்நகருக்கே உரிய சிறப்பு, பாயசத்தோடு வரும் போளி. நம் ஊர்ப் போளிதான். மஞ்சள் நிறம், மெல்லிய உடல், உள்ளே கடலைப் பருப்பும் வெல்லமும். படத்துக்காக அதனை நான்காக மடித்து, பக்கத்தில் சிறு கிண்ணத்தில் பால் பாயசத்தை வைத்து எடுப்பர். பார்க்க அழகாகவே இருக்கும். பந்தியில் அமர்ந்தவரோ போளியை இலையில் விரித்து, பாயசத்தை அதன்மேல் ஊற்றச் சொல்லி, கையால் பிசைந்து உண்கிறார். அந்தப் பிசைந்த நிலையைப் படமெடுத்துத் தரும்படி எந்த விடுதிக்காரரும் இதுவரை என் காதுபடக் கேட்டதில்லை.